டயாலிசிஸ் செய்பவரின் இதயம்... ரிப்போர்ட் ‘நார்மல்’ என்றால் போதுமா?

1960-ம் ஆண்டு மார்ச் மாதம். அமெரிக்காவின் சியாட்டில் நகரில் கிளைட் ஷீல்ட்ஸ் என்ற 39 வயது மெஷினிஸ்ட் ஒருவரின் கையில், லாடம் போல வளைந்த சின்ன டெஃப்லான் குழாய் ஒன்றைப் பொருத்தினார்கள். அவருடைய இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்திருந்தன. அதுவரை டயாலிசிஸ் என்பது சில வாரங்களுக்கான தற்காலிக ஏற்பாடுதான். ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு ரத்தக்குழாயைத் திறக்க வேண்டும். கொஞ்ச நாளில் திறப்பதற்கு இடமே இருக்காது. டாக்டர் பெல்டிங் ஸ்கிரிப்னர் யோசித்த அந்தக் குழாய், கையிலேயே நிரந்தரமாக இருந்தது. வேண்டும்போது மெஷினில் மாட்டலாம், முடிந்ததும் கழற்றலாம். சிறுநீரகம் போனால் உயிர் போகும் என்ற நிலை அன்றோடு மாறியது.

ஷீல்ட்ஸ் அதன் பிறகு 11 ஆண்டுகள் வாழ்ந்தார். 1971-ல் அவர் உயிரைப் பறித்தது சிறுநீரகம் அல்ல, மாரடைப்பு.

அவர் ஒருவர் கதை மட்டும் அப்படி இல்லை. 1974-ல் ஸ்கிரிப்னரின் குழு தங்களிடம் நீண்டகாலம் டயாலிசிஸ் செய்துகொண்ட 39 பேரின் விவரங்களை வெளியிட்டது. அவர்களில் 23 பேர் இறந்திருந்தார்கள். அதில் 14 பேரின் மரணத்துக்கு மாரடைப்பு, பக்கவாதம், இதயச் செயலிழப்பு போன்றவைதான் காரணம். ரத்தத்தைச் சுத்தம் செய்துவிட்டோம், ஆனால் ரத்தக்குழாய்களையும் இதயத்தையும் காப்பாற்றவில்லை என்பது அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது.

ஐம்பது ஆண்டுகள் ஓடிவிட்டன. மெஷின்கள் மாறிவிட்டன. இன்றும் டயாலிசிஸில் இருப்பவர்களின் மரணங்களுக்கு முதல் காரணம் இதயமும் ரத்தக்குழாய்களும்தான். முப்பது வயதில் டயாலிசிஸ் செய்துகொள்ளும் ஒருவருக்கு இதய நோயால் உயிர்போகும் ஆபத்து, சிறுநீரகம் நன்றாக இருக்கும் 80 வயதுக்காரருக்கு இருப்பதைப் போன்றது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ‘டயாலிசிஸ் எல்லாம் நல்லாத்தான் போயிட்டிருந்தது, திடீர்னு போயிட்டார்’ என்று குடும்பங்கள் சொல்வதன் பின்னணி பெரும்பாலும் இதுதான்.

அப்படியென்றால் ஒரு டயாலிசிஸ் நோயாளியின் இதயத்துக்கு எவ்வளவு ஆபத்து என்று முன்கூட்டியே எப்படித் தெரிந்துகொள்வது? இங்கேதான் சிக்கல். மற்றவர்களுக்கு நாம் நம்பும் டெஸ்ட்கள் பலவும் இவர்களிடம் பொய் சொல்கின்றன.

கொலஸ்ட்ரால் கணக்கு செல்லாது

வயது, ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால், சர்க்கரை, புகைப்பழக்கம் ஆகியவற்றைப் போட்டு ‘பத்து ஆண்டுகளில் மாரடைப்பு வர எவ்வளவு வாய்ப்பு’ என்று சொல்லும் கணக்கு ஒன்று டாக்டர்களிடம் உண்டு. 1948-ல் அமெரிக்காவின் ஃபிராமிங்ஹாம் என்ற ஊர் மக்களைத் தொடர்ந்து கவனித்ததில் பிறந்த கணக்கு அது. சாதாரணமானவர்களுக்கு நன்றாகவே உதவுகிறது. டயாலிசிஸ் நோயாளிக்கு அதைப் போட்டால் உண்மையான ஆபத்தைவிட மிகக் குறைவாகக் காட்டும்.

சில விஷயங்களில் தலைகீழாகவே ஆகிவிடுகிறது. டயாலிசிஸில் இருப்பவருக்குக் கொலஸ்ட்ரால் குறைவாக இருந்தால் சந்தோஷப்பட முடியாது. சரியாகச் சாப்பிடாமல் உடல் தேய்ந்துவருவதற்கும், உள்ளே அழற்சி இருப்பதற்கும் அது அடையாளமாக இருக்கலாம். ஒல்லியாக இருப்பவர்களைவிடக் கொஞ்சம் பூசினாற்போல் இருப்பவர்கள் அதிக காலம் வாழ்வதையும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

கொலஸ்ட்ரால் மாத்திரையும் இங்கே எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. ஜெர்மனியில் டயாலிசிஸ் செய்துகொண்ட 1,255 சர்க்கரை நோயாளிகளிடம் அடோர்வாஸ்டாட்டின் கொடுத்துப் பார்த்தார்கள். முடிவு 2005-ல் வந்தது. அடுத்து 2009-ல், 2,776 பேரிடம் ரோசுவாஸ்டாட்டின் கொடுத்த ஆய்வின் முடிவு வந்தது. இரண்டிலும் கொலஸ்ட்ரால் நன்றாக இறங்கியது. ஆனால், மாரடைப்பும் இதய மரணமும் குறிப்பிடும்படி குறையவில்லை. அதனால்தான் டயாலிசிஸ் தொடங்கிய பிறகு இந்த மாத்திரையைப் புதிதாக ஆரம்பிக்க டாக்டர்கள் அவசரப்படுவதில்லை. ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் தொடரலாம் என்பதே பரிந்துரை. இதைப் படித்துவிட்டு யாரும் தாங்களாக மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது.

கொழுப்பு முக்கிய வில்லன் இல்லையென்றால் வேறு யார்? மூன்று பேர். முதலாவது, ரத்தக்குழாய்ச் சுவரில் படியும் சுண்ணாம்பு. சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய பாஸ்பரஸ் உடம்பில் தேங்கி, கால்சியத்தோடு சேர்ந்து, ரப்பர் போல இருக்க வேண்டிய குழாயைப் பி.வி.சி பைப் போல விறைக்க வைக்கிறது. 2000-ல் வெளியான ஓர் ஆய்வில், 20 முதல் 30 வயது வரையிலான 16 டயாலிசிஸ் நோயாளிகளின் இதயத்தை ஸ்கேன் செய்தார்கள். 14 பேரின் இதய ரத்தக்குழாய்களில் சுண்ணாம்பு இருந்தது. கல்லூரி முடித்து வேலைக்குப் போகும் வயது!

இரண்டாவது, தடித்துப்போன இதயத் தசை. மூன்றாவது, தடுமாறும் இதயத் துடிப்பு. இந்த இரண்டையும் சாதாரண ரத்தப் பரிசோதனை காட்டாது.

‘இ.எஃப் 60 இருக்கு, பயமில்லை’ சரியா?

எக்கோ ரிப்போர்ட்டைக் கையில் வாங்கியதும் எல்லோரும் முதலில் தேடுவது இ.எஃப் என்ற எண்ணை. ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் தன்னிடம் இருக்கும் ரத்தத்தில் எத்தனை சதவிகிதத்தை வெளியே தள்ளுகிறது என்பதே அது. 60 என்று இருந்தால் வீட்டில் நிம்மதி.

டயாலிசிஸ் நோயாளிக்கு அந்த ஓர் எண் போதாது. வருடக்கணக்கில் அதிக ரத்த அழுத்தத்தோடும் அதிகப்படியான நீரோடும் ரத்தச்சோகையோடும் போராடிய இதயத்தின் இடது கீழறைச் சுவர் தடித்துப்போகிறது. கனடாவில் டயாலிசிஸ் தொடங்கியவர்களுக்கு எக்கோ செய்து பார்த்த ஓர் ஆய்வில், நான்கில் மூன்று பேருக்கு இந்தத் தடிப்பு ஏற்கெனவே இருந்தது. தடித்த இதயம் நன்றாகச் சுருங்கும், அதனால் இ.எஃப் அழகாக இருக்கும். ஆனால், நன்றாக விரிந்து ரத்தத்தை வாங்கிக்கொள்ளாது. இப்படிப்பட்டவருக்கு உடம்பில் ஒரு லிட்டர் நீர் கூடினாலும் மூச்சுத்திணறும். கொஞ்சம் அதிகமாக நீரை எடுத்தாலும் பி.பி சரிந்துவிடும்.

எக்கோவை என்றைக்கு எடுக்கிறோம் என்பதும் முக்கியம். டயாலிசிஸுக்கு முன், உடம்பில் இரண்டு மூன்று லிட்டர் நீர் கூடியிருக்கும் நாளில் எடுத்தால் இதயம் இருப்பதைவிடப் பெரிதாகத் தெரியும். டயாலிசிஸ் முடிந்து நீர் சரியான அளவில் இருக்கும்போது, பெரும்பாலும் அடுத்த நாள், எடுப்பதே நல்லது. டயாலிசிஸ் தொடங்கி, நீரின் அளவு ஒரு நிலைக்கு வந்ததும் முதல் எக்கோ, அதன் பிறகு தொந்தரவு எதுவும் இல்லாவிட்டாலும் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை, இ.சி.ஜி தொடக்கத்திலும் பிறகு வருடம் ஒருமுறையும் என்பது அமெரிக்க சிறுநீரக மருத்துவ வழிகாட்டுதல் 2005-ல் சொன்னது. இதற்கே பல வீடுகளில் பழைய ரிப்போர்ட் இருக்காது. அந்த முதல் எக்கோவையும் முதல் இ.சி.ஜி-யையும் பத்திரமாக வைத்திருந்தால், பின்னாளில் ஒப்பிட்டுப் பார்க்க அவற்றைவிட உதவியான காகிதம் வேறு இல்லை.

ட்ரோபோனின் டெஸ்ட்டிலும் இதே கதைதான். நெஞ்சு வலி என்று போனால் உடனே எடுக்கும் ரத்தப் பரிசோதனை அது. இதயத் தசை சேதமானால் ட்ரோபோனின் ரத்தத்தில் கூடும். டயாலிசிஸ் நோயாளிகள் பலருக்கு மாரடைப்பே இல்லாத நாளிலும் இது கூடுதலாகத்தான் இருக்கும். அதனால் ஒரே ஒரு ரிப்போர்ட்டை வைத்து ‘அட்டாக்’ என்றோ, ‘இவங்களுக்கு எப்பவும் இப்படித்தான்’ என்றோ முடிவுகட்ட முடியாது. சில மணி நேர இடைவெளியில் மறுபடி எடுத்து, ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். அதே சமயம், எப்போதுமே கூடுதலாக இருப்பதும் சும்மா விட்டுவிடும் விஷயமல்ல. அப்படி இருப்பவர்களுக்கு வருங்காலத்தில் ஆபத்து அதிகம்.

டிரெட்மில் டெஸ்ட்? கால் வலி, சோர்வு, ரத்தச்சோகை காரணமாகத் தேவையான வேகத்துக்கு நடக்கவே பலரால் முடியாது. நடந்தாலும், தடித்த இதயத்தின் இ.சி.ஜி ஏற்கெனவே மாறியிருப்பதால் அதைப் படிப்பது கடினம். மருந்து கொடுத்து இதயத்தை வேகமாகத் துடிக்கவைத்து எடுக்கும் ஸ்ட்ரெஸ் எக்கோ போன்றவை இவர்களுக்குப் பொருத்தம்.

‘எதுக்கு இத்தனை டெஸ்ட்... நேரா ஆஞ்சியோ பண்ணி, அடைப்பு இருந்தா ஸ்டென்ட் வெச்சிடலாமே’ என்று கேட்பவர்கள் உண்டு. 2020-ல் வெளியான ஓர் ஆய்வு இதற்குப் பதில் தேடியது. சிறுநீரகம் மிகவும் பழுதடைந்த 777 பேர். அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் டயாலிசிஸில் இருந்தவர்கள். எல்லோருக்கும் ஸ்ட்ரெஸ் டெஸ்ட்டில் ரத்தஓட்டக் குறைவு தெரிந்திருந்தது. ஆனால், கட்டுக்கடங்காத நெஞ்சு வலி போன்ற அவசரம் இல்லாதவர்கள். ஒரு பிரிவுக்கு உடனே ஆஞ்சியோவும் தேவைப்பட்டால் ஸ்டென்ட் அல்லது பைபாஸும். இன்னொரு பிரிவுக்கு முதலில் மருந்து மட்டும். மரணத்திலும் மாரடைப்பிலும் முதல் பிரிவுக்குக் கூடுதல் பலன் எதுவும் தெரியவில்லை. மாரடைப்பு வந்துவிட்டால் நிலைமை வேறு. அப்போது ஆஞ்சியோவைத் தள்ளிப்போடக் கூடாது.

எடை மெஷினும் ஒரு ஹார்ட் டெஸ்ட்தான்

இத்தனை பெரிய டெஸ்ட்களுக்கு நடுவில், வாரத்துக்கு இரண்டு மூன்று முறை எந்தச் செலவும் இல்லாமல் நடக்கும் ஒரு பரிசோதனையை யாரும் இதயப் பரிசோதனையாக நினைப்பதில்லை. டயாலிசிஸ் அறைக்குள் நுழைந்ததும் ஏறி நிற்கிறோமே, அந்த எடை மெஷின்தான்.

சிறுநீர் போகாதவர் குடித்த தண்ணீர் அடுத்த டயாலிசிஸ் வரை உள்ளேயேதான் இருக்கும். போன முறை கிளம்பும்போது 60 கிலோ, இன்று 63 கிலோ என்றால் அந்த மூன்று கிலோவும் ஏறக்குறைய முழுக்கத் தண்ணீர். அதை நான்கு மணி நேரத்தில் மெஷின் உறிஞ்சி எடுக்க வேண்டும். இதயம் தாங்கும் வேகத்துக்கு ஒரு எல்லை இருக்கிறது. ஒரு கிலோ உடல் எடைக்கு, ஒரு மணி நேரத்துக்கு 13 மில்லிக்கு மேல் எடுக்கப்பட்டவர்களுக்கு மரண ஆபத்து கூடியதை 2011-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. 60 கிலோ உள்ளவருக்கு நான்கு மணி நேரத்தில் சுமார் 3.1 லிட்டர் என்று கணக்கு வருகிறது. அதே மூன்று லிட்டரை 45 கிலோ எடையுள்ள பெண்ணிடம் எடுத்தால் எல்லை தாண்டிவிடும், அவருக்கு 2.3 லிட்டர்தான். ‘எனக்கும் மூணு கிலோ, பக்கத்து பெட் அம்மாவுக்கும் மூணு கிலோ’ என்று ஒப்பிட முடியாது. ‘இன்னைக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே கழட்டிடுங்க’ என்று டெக்னீஷியனிடம் கெஞ்சுபவர்கள், அதே நீரை இன்னும் வேகமாக எடுக்கச் சொல்கிறார்கள் என்றுதான் அர்த்தம்.

வேகமாக எடுக்கும்போது என்ன ஆகிறது? டயாலிசிஸ் நடந்துகொண்டிருக்கும்போதே எக்கோ எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். இதயச் சுவரின் சில பகுதிகள் ரத்தம் போதாமல் சற்று நேரம் மரத்துப்போய் அசையாமல் நிற்பது தெரிந்தது. இதய ரத்தக்குழாயில் பெரிய அடைப்பு இல்லாதவர்களுக்கும் இது நடக்கிறது. டயாலிசிஸின்போது பி.பி சரிவது, கெண்டைக்கால் இழுப்பது, கொட்டாவியும் குமட்டலுமாக வருவது ஆகியவற்றை ‘எப்பவும் வர்றதுதான்’ என்று விட்டுவிடாமல், எத்தனை முறை வருகிறது என்று குறித்து டாக்டரிடம் காட்டுவது அவசியம். அடிக்கடி பி.பி சரிவது, இதயத்தைச் சோதித்துப் பார்க்கச் சொல்லும் அறிகுறியும்கூட.

எடையில் இன்னொரு கண்ணாமூச்சியும் இருக்கிறது. நீர் கூடவும் இல்லாமல் குறையவும் இல்லாமல் இருக்கும்போது உள்ள எடையை ‘டிரை வெயிட்’ என்கிறார்கள். இது கல்லில் எழுதிய எண் அல்ல. காய்ச்சலில் பத்து நாள் படுத்து, சரியாகச் சாப்பிடாமல் சதை இரண்டு கிலோ குறைந்தவர் மறுபடி மெஷினில் ஏறுகிறார். சார்ட்டில் பழைய 60 கிலோவே இருக்கிறது. மெஷின் 60 காட்டியதும் எல்லாம் சரி என்று எழுந்து போகிறார். உண்மையில் சதை 58, தண்ணீர் 2. அன்று ராத்திரியே படுத்தால் மூச்சு முட்டும். மாறாக, பசி திரும்பி உடம்பு தேறியவருக்குப் பழைய எண்ணையே பிடித்துக்கொண்டிருந்தால், தேவையான நீரையும் எடுத்துவிட்டு பி.பி-யைச் சரியவைக்கும். ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்த பிறகும், சாப்பாடு மாறிய பிறகும் டிரை வெயிட்டை மறுபடி பார்க்கச் சொல்லிக் கேட்பது குடும்பத்தினர் செய்யக்கூடிய பெரிய உதவி.

நீண்ட இடைவெளி

இதயத்துக்கு வாரத்தின் எல்லா நாளும் ஒன்றல்ல. வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொண்ட 32,000-க்கும் மேற்பட்ட அமெரிக்கர்களின் விவரங்களை வைத்து 2011-ல் ஓர் ஆய்வு வந்தது. நடுவில் இரண்டு நாள் விடுமுறை விழும் நீண்ட இடைவெளி முடியும் நாளில், மரணங்களும் மாரடைப்பு, இதயச் செயலிழப்பால் ஆஸ்பத்திரியில் சேர்வதும் மற்ற நாள்களைவிட அதிகமாக இருந்தன. இன்னொரு ஆய்வில், அமெரிக்காவிலும் இந்தியாவிலும் 66 நோயாளிகளின் தோலுக்கு அடியில் சின்னக் கருவி வைத்து ஆறு மாதம் இதயத் துடிப்பைப் பதிவு செய்தார்கள். மூன்றில் இரண்டு பேருக்குக் கவனிக்க வேண்டிய துடிப்புக் கோளாறு இருந்தது. அதில் பெரும்பாலானவை வேகமான துடிப்பு அல்ல, ஆபத்தான அளவுக்கு மெதுவான துடிப்பு.

நம் ஊரில் பணத்தாலும் பயணத்தாலும் வாரம் இரண்டு முறை மட்டும் செய்துகொள்பவர்கள் ஏராளம். அவர்களுக்கு இந்த நீண்ட இடைவெளி ஒவ்வொரு வாரமும் இரண்டு முறை வருகிறது. கல்யாணம், தீபாவளி என்று ஒரு முறையைத் தவறவிட்டால் என்ன ஆகும் என்பதைச் சொல்லவே வேண்டாம்.

இடைவெளி நாள்களில் இதயத்தை நிறுத்தக்கூடியது பொட்டாசியம். உடம்பு முடியாதவரைப் பார்க்கப் போகும்போது நாம் வாங்கிச் செல்லும் இளநீரும் வாழைப்பழமும் சாத்துக்குடியும் பொட்டாசியம் நிறைந்தவை. அன்பாகக் கொடுக்கும் ஒரு இளநீர் டயாலிசிஸ் நோயாளிக்கு ஆபத்தாகலாம். இன்னும் மோசமான பொறி, ‘பி.பி-க்கு நல்லது’ என்று கடையில் விற்கும் லோ சோடியம் உப்பு. அதில் சோடியத்துக்குப் பதிலாகச் சேர்ப்பது பொட்டாசியம் குளோரைடு. வீட்டில் ஒருவருக்கு டயாலிசிஸ் என்றால் அந்தப் பாக்கெட்டைச் சமையலறைக்குள்ளேயே விடக் கூடாது.

சாதாரண உப்பையும் எண்ணித்தான் போட வேண்டும். ஆஸ்பத்திரியில் ஏற்றும் சலைன் ஒரு லிட்டரில் 9 கிராம் உப்பு இருக்கிறது. நம் உடம்பின் நீரும் ஏறக்குறைய அந்த உப்புக் கரிப்பில்தான் இருக்கிறது. ஊறுகாய், அப்பளம், கருவாடு என்று 9 கிராம் உப்பு கூடுதலாக உள்ளே தங்கினால், ஒரு லிட்டர் தண்ணீர் குடிக்கும்வரை தாகம் விடாது. தண்ணீர் டம்ளரைப் பிடுங்கி வைத்துவிட்டு ஊறுகாய் பாட்டிலைத் திறந்து வைப்பதில் அர்த்தமில்லை.

இதையெல்லாம் சரியாகச் செய்தால் பலன் உண்டா? ஸ்கிரிப்னர் குழுவின் 1974 கட்டுரையை எழுதியவர்களில் ஒருவர் பெர்னார் ஷரா என்ற பிரெஞ்சு டாக்டர். அவர் பிரான்ஸின் தசான் என்ற ஊரில், வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் எட்டு மணி நேரம் என்று மெதுவான டயாலிசிஸை உப்புக் குறைந்த உணவோடு நடத்திக்காட்டினார். அங்கே பெரும்பாலானவர்களுக்கு பி.பி மாத்திரையே தேவைப்படவில்லை. நோயாளிகள் நீண்டகாலம் வாழ்ந்தார்கள். எட்டு மணி நேரத்துக்கு இங்கே மெஷினும் இல்லை, படுக்கையும் இல்லை. கிடைக்கும் நான்கு மணி நேரத்தைக் குறைக்காமல் முழுசாகப் பயன்படுத்துவது மட்டும் நம் கையில் இருக்கிறது.

பி.பி-யை டயாலிசிஸ் அறையில் எடுப்பதோடு நிறுத்தாமல், வீட்டில் டயாலிசிஸ் இல்லாத நாளில் காலையும் மாலையும் எடுத்துக் குறித்துவைத்தால், உண்மை நிலவரம் இன்னும் தெளிவாகத் தெரியும். ஃபிஸ்துலா போட்ட கையில் எடுக்கக் கூடாது.

அவசரம் என்றால்...

சர்க்கரை நோயும் சேர்ந்தவர்களுக்கு மாரடைப்பு நெஞ்சு வலி இல்லாமலேயே வரும். திடீர் மூச்சுத்திணறல், படுக்க முடியாமல் உட்கார்ந்தே இரவைக் கழிப்பது, காரணமில்லாத வியர்வை, மயக்கம் ஆகியவை வந்தால் அடுத்த டயாலிசிஸ் நாள் வரை காத்திருக்கக் கூடாது. ஒரு முறை டயாலிசிஸ் தவறிய பிறகு கை கால்கள் துவண்டு எழ முடியாமல் போனால், பொட்டாசியம் ஏறியிருக்கலாம், அதுவும் அவசரம்தான்.

இப்படி ஓடும்போது அருகில் இருக்கும் ஏதோ ஓர் ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டியிருக்கும். அங்கே இருக்கும் டாக்டருக்கு நோயாளியைத் தெரியாது. பி.பி குறைவாக இருக்கிறது என்று சலைன் பாட்டிலை மாட்டுவதற்கு முன் அவர் காதில் விழ வேண்டியவை: டயாலிசிஸ் நோயாளி, கடைசியாக டயாலிசிஸ் செய்த தேதி, டிரை வெயிட் எவ்வளவு, ஃபிஸ்துலா எந்தக் கையில். இந்த நான்கையும் ஒரு சின்ன அட்டையில் எழுதி, பழைய இ.சி.ஜி-யின் போட்டோவையும் நோயாளியின் போனிலும் வீட்டில் இன்னொருவர் போனிலும் வைத்துவிடலாம். ஐந்து நிமிட வேலை.